பத்து நிமிஷம் தானேன்னு சொல்லாதீங்க சாமி!

திறந்த அணுக்கம் பத்தி யாராவது பேச ஆரம்பிச்சா, கடைசியில இந்த வசனம் கட்டாயம் வரும்: "நம்ம ஆய்வாளர்களுக்கு அக்கறையே இல்லீங்க. கட்டுரையைக் களஞ்சியத்துல ஏத்தச் சொன்னா ஏத்த மாட்டேங்கிறாங்க." போன வாரமும் ஒரு நண்பர் இதையே சொன்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அதான் இந்தப் பதிவு.

களஞ்சியம்னா பெரிய விஷயமில்ல மக்களே. காசு கட்டினாத்தான் படிக்க முடியும்ங்கிற ஆய்விதழ்ல வந்த கட்டுரையோட கைப்பிரதியை, இதழ் அனுமதிக்கிற அளவுக்கு, பல்கலைக்கழக சர்வர்ல போட்டு வைக்கிறது. யாரு வேணா சும்மா படிக்கலாம்.

எனக்குத் தெரிஞ்ச பேராசிரியர் ஒருத்தர் கட்டுரை ஏத்த உக்காந்தப்ப பக்கத்துல இருந்தேன். (பேரு, ஊரு வேணாம், பிழைச்சுப் போகட்டும்.) தலைப்பு, சுருக்கம், தொகுதி, இதழ் எண், பக்கம் எல்லாத்தையும் தட்டணும். நாலு ஆசிரியர்கள் பேரையும் முன்பெயர், பின்பெயர்னு பிரிக்கணும். நம்மூர்ல ஏதுய்யா பின்பெயர்? இனிஷியலைப் போட்டா செவப்பு எழுத்துல திட்டுது! முக்கால்வாசி நிரப்பினப்ப பக்கம் செத்துப் போச்சு, மறுபடியும் முதல்லேர்ந்து. கொடுமை என்னன்னா, அந்தப் படிவம் கேட்ட விவரத்துல பெரும்பாலானது கட்டுரையோட டிஓஐ எண்ணைக் கொடுத்தா கிராஸ்ரெஃப்ல இருந்து ஒரு நொடியில வந்துடும்.

தமிழ்மணம் ஞாபகம் இருக்கா? நம்ம இடுகையோட தலைப்பு, பேரு, முதல் நாலு வரி எல்லாம் ஓடை வழியா அதுவே எடுத்துக்கும். நாம என்ன படிவமா நிரப்பிக்கிட்டு இருந்தோம்? மொக்கை போட்ட நமக்கே அந்த வசதி இருந்துச்சு.

2005-ல லெஸ் காரும் ஸ்டீவன் ஹார்னாடும், ஒரு கட்டுரையை ஏத்த சராசரியா பத்து நிமிஷம் போலத்தான் ஆகுதுன்னு கணக்குக் காட்டினாங்க. அது சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துக் கணக்கு. அவங்க களஞ்சியம், அவங்க ஊர்ப் பேரு. அந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னாடி நடக்குற வேலையை யாரு எண்ணுறது? இதழோட விதியைத் தேடணும், எந்தப் பிரதியைப் போடலாம்னு பாக்கணும், மூணு வருஷம் முந்தின கைப்பிரதி எந்தப் பென் டிரைவ்ல கிடக்குன்னு துழாவணும்.

"கட்டாயப்படுத்தினா எல்லாம் சரியாயிடும்"னு இன்னொரு கோஷ்டி. அமெரிக்காவோட தேசிய நலவாழ்வு நிறுவனம் 2005-ல தயவு பண்ணி போடுங்கன்னு கேட்டப்ப யாரும் கண்டுக்கல, 2008-ல கட்டாயமாக்கினதும் மாறிச்சு, உண்மைதான். ஆனா நிறைய இதழ்கள் கட்டுரையைத் தாங்களே பப்மெட் சென்ட்ரலுக்கு அனுப்பிட்டதை இவங்க சொல்றதில்ல. பெல்ஜியத்துல லியேஜ் பல்கலைக்கழகத்தைக் காட்டுவாங்க. களஞ்சியத்துல இல்லாத கட்டுரை பதவி உயர்வுக்குச் செல்லாதுன்னு அங்க விதி. சரி. ஆனா அங்க ஒருதடவை ஏத்தினா போதும், பட்டியலை அந்தக் களஞ்சியமே எடுத்துக் கொடுக்கும். நம்ம வாத்தியார் அதே கட்டுரை விவரத்தை நாக் படிவத்துல ஒருதடவை, ஆண்டறிக்கைக்கு ஒருதடவை, பதவி உயர்வுக்கு ஒருதடவைன்னு எழுதி நாக்குத் தள்ளிப் போயிருக்கார். அவர்கிட்ட போய் நாலாவது படிவத்தை நீட்டினா?

நம்மூர்லயே உதாரணம் இருக்கே, சோத்கங்கா. 2009 யூஜிசி விதிக்கப்புறம் லட்சக்கணக்கான ஆய்வேடு சேர்ந்திருக்கு. பட்டம் வேணும்ங்கிற கட்டாயம் ஒரு காரணம். இன்னொரு காரணம், ஏத்துற வேலையைப் பல்கலைக்கழகம் பாத்துக்குது. (தமிழ் ஆய்வேடு பலதும் வெறும் ஸ்கேன் படமா கிடக்கு, தேடினா அகப்படாது. அது தனிப் புலம்பல்.)

2014-ல அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் கொள்கை வெளியிட்டாங்க, எங்க பணத்துல எழுதின கட்டுரையைக் களஞ்சியத்துல போடணும்னு. பத்து வருஷம் கழிச்சு, 2024 நவம்பர்ல, மூணு வருஷ இதழ்ச் சந்தாவுக்கு 6,000 கோடி ஒதுக்கினாங்க. அதுவும் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். நாமக்கல்லுல சுயநிதிக் கல்லூரியில பாடம் நடத்துற பொண்ணுக்குக் கதவு சாத்தித்தான் இருக்கு. அவளுக்கு எட்டுற ஒரே வழி இந்தக் களஞ்சியம்.

அந்த 6,000 கோடியில ஒரு துளியை ஒதுக்கி, டிஓஐ போட ஒரு பெட்டி, கோப்பு போட ஒரு பெட்டி வச்சு, மீதி வேலைக்கு நூலகத்துல ஒரு ஆளைச் சம்பளத்தோட உக்கார வைக்கட்டும். அதுக்கப்புறமும் வாத்தியார் ஏத்தலைன்னா வாங்க, சேர்ந்தே திட்டலாம். நூலகத்துல வேலை பாக்குற பதிவர்கள் யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல சண்டைக்கு வரலாம் :-)