ஆறேகால் ரூபாய் எங்கே?

2025-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ஆம் தேதி முதல் மருந்துகளின் மீதும் சைக்கிள்களின் மீதும் சர்க்கார் வரியைக் குறைத்தனர். பெரும்பாலான மருந்துகளுக்கு நூற்றுக்கு 12 ரூபாயாக இருந்த சரக்கு சேவை வரி 5 ரூபாயாயிற்று. 33 உயிர் காக்கும் மருந்துகளுக்கு அவ்வரி அறவே நீங்கிற்று. சைக்கிளுக்கும் அதன் உறுப்புகளுக்கும் அதே விதமாக 12 என்பது 5 ஆயிற்று. நல்ல காரியம். நல்லதை நல்லதென்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. ஆயின் வரி குறைந்தது என்பது ஒரு விஷயம்; விலை குறைந்தது என்பது வேறொரு விஷயம். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

மருந்தையும் சைக்கிளையும் ஏன் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறோம் என்று சிலர் கேட்கலாம். புதுக்கடைச் சந்தியில் காலை வேளையில் அரை மணி நேரம் நின்று பார்ப்பவர் அப்படிக் கேட்கமாட்டார். நாஞ்சில் நாட்டு வயல்வெளியில் சைக்கிள் ஓட்டுவது வேறு. பழைய விளவங்கோடு தாலூகாவின் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டுவது வேறு. முஞ்சிறைப் பக்கமிருந்தும் காப்புக்காட்டுப் பக்கமிருந்தும் தேங்காய்ப்பட்டணத்துச் சாலை வழியாகவும் வருகின்ற வயது முதிர்ந்த உழைப்பாளிகளில் பலருக்கு இன்றும் சைக்கிளே வாகனம். இளைஞர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டனர், கிழவர் மாறவில்லை. ஏற்றம் வந்ததும் இறங்கித் தள்ளுகிறார். மேலே சென்றதும் மூச்சு வாங்க நிற்கிறார். அவர் சட்டைப் பையில் மாத்திரை அட்டை ஒன்று இருக்கிறது. சர்க்கரைக்கோ, ரத்தக் கொதிப்புக்கோ, இரண்டுக்குமோ என்பதுதான் வித்தியாசம்.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் வெளியிட்டது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்க வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. பட்டணத்துக் கனவான் டாக்டர் சொன்னதன் பேரில் சைக்கிள் வாங்கி விடியற்காலையில் கடற்கரையில் ஓட்டுகிறார். அது அவருக்குச் சிகிச்சை. புதுக்கடைக் கிழவரோ அந்த 150 நிமிஷத்தை வாரத்தின் முதல் இரண்டு நாட்களிலேயே முடித்து விடுகிறார். அவருக்கு அது கூலி. நோயோடு சவிட்டுகிறவருக்கு மாத்திரை தவறினால் தலை சுற்றும். கால் மரத்துப் போனவருக்குப் பெடலில் பட்ட காயம் தெரியாமலே புண்ணாகும். கையிருப்புக் குறையும்போது அவர் என்ன செய்கிறார்? ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்குகிறார். ஆகையால் மருந்தின் விலையில் ஒரு ரூபாய் ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு வெறுங் கணக்கல்ல.

நாமும் இவ்வினத்தைச் சேர்ந்தவரே. பத்து வருஷமாகச் சர்க்கரை நமக்குத் துணை, சைக்கிளும் துணை. வரி குறைந்த சில வாரங்களுக்குப் பின் வழக்கமான கடையில் ஒரு மாதத்து மாத்திரைகளை வாங்கினோம். அட்டையின் முதுகில் பழைய விலை அச்சாகியிருந்தது. ரசீதிலும் அதே விலை. வரி குறைந்ததே என்று கேட்டோம். "கம்பெனி அடிச்ச விலையாக்கும் சாரே, நான் ஒரு பைசா கூட்டல்ல" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு பைசாவும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. அவ்வளவுதான். யாரும் ஏமாற்றாமலே நாம் ஏமாந்து வீடு திரும்பினோம்.

கணக்கு எளிது. வரியில்லா விலை 100 ரூபாய் என்றால், முன்பு 12 ரூபாய் வரி சேர்ந்து 112. இப்போது 5 சேர்ந்து 105. பழைய 112-இல் 7 ரூபாய் குறைய வேண்டும். அதாவது அட்டையில் அச்சிட்ட ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஆறேகால் ரூபாய். மாதம் 800 ரூபாய்க்கு மருந்து வாங்கும் குடும்பத்துக்கு 50 ரூபாய். வருஷத்துக்கு 600 ரூபாய். லட்சாதிபதிக்கு இது தூசு. சைக்கிளில் போகும் கூலிக்காரருக்கு ஒரு நாள் வேலை.

அச்சிட்ட விலை என்பதைப் பற்றி நம் ஜனங்களிடையே ஒரு மயக்கம் நிலவுகிறது. பொட்டலத்தின் மேல் விலையை அச்சிட வேண்டுமென்ற விதி 1977-இல் வந்தது, அதற்கு மேல் கேட்கக்கூடாதென்பதற்காக. 'அதிகபட்ச' விலை என்பதுதான் அதன் பெயர். நாளடைவில் 'அதிகபட்ச' என்ற சொல் மறைந்து, அதுவே விலையென்றாகிவிட்டது. வாங்குகிறவரின் கையில் கொடுத்த கேடயம் விற்கிறவரின் கைக்குப் போயிற்று!

மருந்தின் விஷயத்தில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறது. 2013-ஆம் வருஷத்து மருந்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, அட்டையில் அச்சிட்ட விலை ஒன்று, கம்பெனி அவ்வப்போது வெளியிடும் நடப்பு விலைப் பட்டியலிலுள்ள விலை ஒன்று. இவ்விரண்டில் எது குறைவோ அதற்கு மேல் எவரும் விற்கலாகாது. அப்பட்டியலைக் கடையில் கண்ணில் படும்படி வைத்திருக்கவும் வேண்டும். வரி குறைந்த சமயத்தில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், கம்பெனிகள் புதிய விலைப் பட்டியலை வியாபாரிகளுக்கு அனுப்ப வேண்டுமென்று உத்தரவிட்டது. அதே உத்தரவில், கடைகளில் ஏற்கெனவே இருக்கும் சரக்கைத் திருப்பி வாங்கவோ புதுச் சீட்டு ஒட்டவோ வேண்டியதில்லை, கடையில் சரியான விலைக்கு விற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும் என்றும் சொல்லிற்று. மற்றச் சரக்குகளுக்கும் புது விலைச் சீட்டை ஒட்டலாம் என்றார்களேயன்றி, ஒட்டியே தீரவேண்டுமென்று சொல்லவில்லை. கம்பெனிகளுக்கு இது சௌகரியம். புதுக்கடைக் கிழவருக்கு? அவர் கையிலுள்ள அட்டை ஒரு விலை சொல்லுகிறது. சட்டம் வேறு விலை சொல்லுகிறது. சட்டத்தின் விலையைச் சொல்லும் காகிதம் கடையின் மேஜை அறைக்குள்ளோ கம்ப்யூட்டருக்குள்ளோ கிடக்கிறது. கேட்டவருக்குக் குறையும், கேளாதவருக்குக் குறையாது என்பதே நடைமுறை.

இதைத் தடுக்க ஒரு ஏற்பாடு முன்பு இருந்தது. அதை நம்மில் பலர் மறந்திருப்பர். 2017-ஆம் வருஷத்துச் சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு, வரி குறைந்தால் அதற்கு ஈடாக விலையும் குறைய வேண்டுமென்று கட்டளையிடுகிறது. அப்படிக் குறைக்காதவர்களை விசாரிக்க அவ்வருஷமே தனி ஆணையம் ஒன்று ஏற்பட்டது. பயமில்லாமல் சில பெரிய ஸ்தாபனங்களின் கணக்கையும் அது புரட்டிப் பார்த்தது. 2017 நவம்பரில் வரி குறைந்தபோது ஹிந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனி அதன் பலனை வாங்குகிறவர்களுக்குச் சேர்க்கவில்லையென்றும், அத்தொகை 383 கோடி ரூபாய் என்றும் 2018 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிற்று. கம்பெனி இதை ஒப்பவில்லை. டில்லி ஐகோர்ட்டுக்குப் போயிற்று. வேறு பல கம்பெனிகளும் போயின. 171-ஆம் பிரிவு செல்லுமென்று 2024 ஜனவரியில் அந்தக் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

இதற்கிடையில் சர்க்கார் செய்ததென்ன? 2022 டிசம்பரில் ஆணையத்தின் வேலையைப் போட்டிக் கமிஷனிடம் மாற்றினர். 2024 அக்டோபரில் அங்கிருந்து வரித் தீர்ப்பாயத்துக்கு மாற்றினர். 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய புகார்களையே வாங்குவதில்லையென்று அறிவித்தனர். இதற்குப் பின் ஆறு மாதம் கூட ஆகவில்லை. செப்டம்பரில் மேலே சொன்ன பெரிய வரிக் குறைப்பு வந்தது. மழைக்காலத்துக்கு முந்தின வாரம் கூரையைப் பிரித்த வீட்டுக்காரனை நம் ஊரில் என்னவென்று சொல்வார்களோ அதை நாம் இங்கு எழுதவில்லை.

போட்டியிருந்தால் விலை தானே இறங்கும், ஆணையம் எதற்கு என்பது சர்க்கார் தரப்புக்குப் பரிந்து பேசுகிறவர்களின் வாதம். சோப்புக்கும் எண்ணெய்க்கும் இவ்வாதம் ஓரளவு பொருந்தலாம். மருந்துக்குப் பொருந்துமா? சோப்பை வாங்குகிறவன் தேர்ந்தெடுக்கிறான். மாத்திரையை டாக்டர் எழுதுகிறார். கடைக்காரர் எடுத்துத் தருகிறார். நோயாளி காசு கொடுக்கிறான். தேர்ந்தெடுக்காதவனுக்குப் போட்டியால் என்ன லாபம்?

இந்த இடத்தில் தூத்துக்குடியின் பழைய கதையொன்று நினைவுக்கு வருகிறது. ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தபோது, அதுவரை தன்னிஷ்டப்படி கட்டணம் வாங்கி வந்த ஆங்கிலக் கப்பல் கம்பெனி சடாரென்று கட்டணத்தை இறக்கிற்று. விலையைக் குறைக்கக் கம்பெனிகளுக்குக் கணக்குத் தெரியாமலில்லை. தமக்கு வேண்டும்போது எவ்வளவு விரைவாகக் குறைக்கின்றனர் என்பதற்கு அதுவே சாட்சி.

சிறு கடைக்காரர்மீது பழி போட நாம் தயாரில்லை. அவர் பழைய சரக்கை 12 ரூபாய் வரி கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார். வரியில் பதிவு செய்துகொண்ட பெரிய கடைக்காரர் தாம் கொடுத்த அதிக வரியைத் தமது கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். வருஷ வியாபாரம் 40 லட்சத்துக்கு உட்பட்ட, பதிவு செய்யாத கடைக்காரருக்கு அந்த வழியில்லை. பழைய சரக்கைப் புது விலைக்கு விற்றால் நஷ்டம் அவருடைய மடியில் விழுகிறது. இந்த நஷ்டத்தைக் கம்பெனியும் மொத்த வியாபாரியும் ஏற்று, வித்தியாசத்தை அவர் கணக்கில் வரவு வைப்பதே நியாயம். சில கம்பெனிகள் அவ்வாறு செய்திருக்கலாம். கடைசிக் கடை வரை அது வந்து சேர்ந்ததா என்று விசாரிக்க வேண்டிய ஆணையந்தான் இல்லையே.

இன்னொரு விநோதம். மருந்துக்குக் கம்பெனி அதிக விலை வாங்கியது ருசுவானால், அதிகப்படியான தொகையை வட்டியுடன் கட்டவேண்டும். யாருக்கு? சர்க்காருக்கு! நோயாளி கொடுத்த பணம் நோயாளிக்குத் திரும்புவதில்லை. மூடப்பட்ட வரி ஆணையத்தின் விதியும் ஏறக்குறைய இதுவே. வாங்கியவர் இன்னாரென்று தெரியாவிடில் பாதி மத்திய சர்க்காரின் நுகர்வோர் நல நிதிக்கும் பாதி மாகாண நிதிக்கும் சேரும். ரசீதில்லாமல் வாங்குகிறவர் எப்போதும் 'இன்னாரென்று தெரியாதவர்' தாம்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய வரியுடன் 5,600 ரூபாயாயிருந்த வண்டி 5,250-க்கு வரவேண்டும். பத்து வருஷத்துக்கொரு முறை வாங்குகிற சாமான். விலை கேட்டுத்தான் வாங்குவார்கள். கவனிக்க வேண்டியது செயினும் பெடலுமே. அவற்றின் விலையைப் பழுது பார்க்கும் கடையில் எவரும் அட்டையைப் பார்த்து வாங்குவதில்லை. 1949-இல் சென்னையில் டி. ஐ. சைக்கிள் ஸ்தாபனம் தோன்றியதற்கு முன் நம் ஜனங்கள் சீமைச் சைக்கிளுக்குக் கேட்ட விலையைக் கொடுத்தனர். இன்று வண்டி நம்முடையது. கேட்ட விலையைக் கொடுக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

சென்னை சர்க்கார் 1994-இல் மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தி மருந்துகளை மொத்தமாக வாங்கி சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு வழங்கி வருகின்றனர். 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடியும் வருகிறது. இதனால் புதுக்கடையிலும் எத்தனையோ பேர் பிழைத்திருக்கின்றனர் என்பதை மறுப்பார் யார்? ஆயினும் தனியார் டாக்டரிடம் சென்று, அவர் எழுதிய சீட்டோடு கடைக்குப் போகிறவர்களும் நம்மவரே. அவர்களுக்கும் சட்டத்தின் விலை சேரவேண்டும்.

நாகர்கோவிலில் ஜில்லா நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் ஏழு ரூபாய்க்காகப் புதுக்கடையிலிருந்து பஸ் ஏறிப் போய்வர அந்த ஏழு ரூபாய் காணாது. இதைக் கம்பெனிகள் நன்றாய் அறிவர். ஒருவரிடம் ஏழு ரூபாய். பத்துக் கோடிப் பேரிடம்? தனி மனிதன் வழக்காட முடியாத சிறு தொகையைச் சர்க்கார்தான் வழக்காட வேண்டும். அதற்காக 171-ஆம் பிரிவின்கீழ் புகார்களை மறுபடியும் வாங்க ஆரம்பிக்க வேண்டுமென்று பார்லிமெண்ட் அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நம் மாகாணத்து மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவினர் செய்யக்கூடிய வேலை இன்னும் எளிது: விலைப் பட்டியல் மேஜை அறைக்குள் கிடக்காமல் கடைச் சுவரில் தொங்குகிறதா, தமிழ் படித்தவருக்கு அது புரிகிறதா என்று பார்ப்பது.

1954-ஆம் வருஷம் ஆகஸ்டு 11-ஆம் தேதி, தமிழ்நாட்டோடு சேரவேண்டுமென்று கேட்டதற்காகத் திருவாங்கூர்-கொச்சி சர்க்காரின் போலீஸ் துப்பாக்கிக் குண்டை வாங்கிய ஊர் புதுக்கடை. இரண்டு வருஷம் கழித்து, 1956 நவம்பர் முதல் தேதி, கேட்டதைப் பெற்றும்விட்டது. அவ்வூராருக்குக் கேள்வி கேட்க நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. மருந்து வாங்கும்போது ரசீதையும் விலைப் பட்டியலையும் கேளுங்கள் என்பதே நமது வேண்டுகோள். மறுத்தால் 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து புகாரைப் பதிவு செய்யலாம், கட்டணமில்லை. புதுக்கடை, கருங்கல், குழித்துறை வட்டாரங்களில் எந்தெந்தக் கடைகளில் பட்டியல் காட்டினார்கள், எங்கெங்கே அப்படியொன்று இருப்பதே தெரியாதென்றார்கள் என்பதை நண்பர்கள் ரசீதின் நகலுடன் நமக்கு எழுதினால், கடைக்காரர் பெயரை நீக்கி, கம்பெனி அச்சிட்ட விலையையும் வாங்க வேண்டிய விலையையும் இந்தப் பக்கத்தில் வாராவாரம் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.