அமலையை அள்ளிய கணக்கு யாருக்கு வேண்டும்?

“அமலையில் கூடை பின்னுகிறார்கள், கைப்பை செய்கிறார்கள், உரம் ஆக்குகிறார்கள். இனி அது களை இல்லை, செல்வம்!” வாரத்துக்கு ஒரு வீடியோவாவது இப்படி எனக்கு வந்துவிடுகிறது. அனுப்புகிறவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள், நல்ல மனசோடு அனுப்புகிறவர்கள். அவர்களோடுதான் இன்று எனக்குச் சண்டை.

பத்திரிகைகள் ஆகாயத்தாமரை என்று எழுதுவதும், மற்ற ஊர்களில் வெங்காயத்தாமரை என்று சொல்வதும், தாமிரபரணிக் கரையில் நாம் அமலை என்று சொல்வதும் ஒரே செடியைத்தான். பிறந்த வீடு தென் அமெரிக்காவின் அமேசான் பக்கம். ஊதாப் பூவுக்கு ஆசைப்பட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பிறகு எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். 1910-இல் அமெரிக்காவில், ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளைக் கொண்டுவந்து இதைத் தின்ன விடலாம் என்று மசோதாவே கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. வங்காளத்தில் 1936-இல் இதை ஒழிக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். 1937 தேர்தலில் கட்சிகள் இதை ஒழிப்பதாக வாக்குறுதி கொடுத்தன. சட்டம் பழசாகிவிட்டது, செடி அங்கே இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.

முதலில் கூடைக் கணக்கைப் பார்ப்போம். கணக்கு எழுதியே பிழைத்தவன் நான். எண் இல்லாமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. அமலையில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். 100 டன் அள்ளிக் காயப்போட்டால் மிஞ்சுவது சுமார் 5 டன். அதிலும் பின்னலுக்கு ஆவது நீளமான தண்டு மட்டும்; வேரும் இலையும் கழிவு. அடர்ந்து படர்ந்த இடத்தில் ஒரு ஹெக்டேரிலேயே சில நூறு டன் இருக்கும். இதைக் கூடை பின்னித் தீர்ப்பது என்றால் உலகத்தில் எத்தனை பேர் கூடை வாங்க வேண்டும்?

மகளிர் குழுக்கள் பின்னி நாலு காசு பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் பிழைப்பு, கௌரவமான பிழைப்பு. ஆனால் அதை ஆற்றைக் காப்பாற்றும் திட்டம் என்று சொல்லாதீர்கள். பின்னலுக்கு நல்ல தண்டு வேண்டும். தொழில் செழிக்க வேண்டுமானால் அமலையும் செழிக்க வேண்டும். நோயை வைத்துக்கொண்டு வியாபாரம் நடத்துகிற வைத்தியனிடம் நோய் தீருமா?

அடுத்த தெருக்காரர் ஒருவர் கேட்டார்: “அண்ணாச்சி, அது சாக்கடைத் தண்ணியச் சுத்தம் பண்ணுதுன்னு சொல்லுதாங்களே, அப்படியே விட்டா என்ன?” பாதி உண்மை. அழுக்குத் தண்ணீரில் உள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும், சில கன உலோகங்களையும்கூட அது உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் செடியை வெளியே எடுத்தால்தான் அந்த அழுக்கும் வெளியே போகும். விட்டுவைத்தால் செடி அங்கேயே அழுகும், உறிஞ்சியதெல்லாம் மறுபடி தண்ணீருக்கே வரும். நடுவில் என்ன நடக்கிறது? வெளிச்சமும் காற்றும் தண்ணீருக்குள் இறங்குவதில்லை. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. யானைக்கால் நோய் பரப்பும் கொசுக்களில் ஒரு வகையின் புழு, இந்தச் செடியின் வேரைக் குத்தித்தான் மூச்சு விடுகிறது. சாக்கடையில் வளர்ந்த அமலையை மாட்டுக்குப் போடுங்கள் என்று சொல்கிறவர்களும் இந்த உறிஞ்சும் குணத்தை யோசிப்பதில்லை.

அடுத்தது, அமலை அள்ளும் விழா. இயந்திரம் வரும், மாலை மரியாதை நடக்கும், படம் எடுப்பார்கள். அள்ளியதைக் கரையில் குவிப்பார்கள். அடுத்த மழையில் பாதி மறுபடி ஆற்றுக்குள் சரியும். இந்தச் செடி நல்ல தீனி கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகிவிடும். ஒரு ஏக்கரில் 99 சென்ட் அள்ளி 1 சென்ட் விட்டுவைத்தால், ஏழு முறை இரட்டிக்கட்டும்: 2, 4, 8, 16, 32, 64, 128. பதினாலே வாரத்தில் ஏக்கர் நிறைந்துவிட்டது. மூன்றரை மாதத்தில் அடுத்த விழா நடத்தலாம். போதாததற்கு, சேற்றில் விழுந்த விதை 15, 20 வருடம்கூட உயிரோடு கிடந்து முளைக்கும்.

நம் தாமிரபரணியில் இதற்குத் தோதாக எல்லாம் இருக்கிறது. எட்டு அணைக்கட்டுகளில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஊர்களின் சாக்கடையும் வயல்களின் உர மிச்சமும் வந்து சேர்கின்றன. கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்துக்கு மேல் சேறும் அமலையும் சேர்ந்தால், வடகாலிலும் தென்காலிலும் கடைமடைக்காரன் தண்ணீருக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் செடியை வாரிக் கடலில் கொட்டும், உப்புத் தண்ணீரில் அது செத்துப்போகும். ஆனால் சாக்கடையை வெள்ளம் கொண்டுபோகாது. ஓரத்தில் ஒட்டிய நாலு செடிக்குத் தீனி தயாராக இருக்கிறது.

மருந்து அடிக்கலாமே என்றால், நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது இந்தத் தண்ணீர். வண்டு விடலாமே என்றால், அது நல்ல யோசனைதான். இந்தச் செடியை மட்டும் தின்னும் கூன்வண்டுகளை 1982-இல் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990-களில் அவற்றை விட்டார்கள். சில வருடங்களில் செடி பெருமளவு குறைந்தது. ஆனால் ஏரிக்குள் அழுக்கு வருவது நிற்கவில்லை, செடியும் பிறகு தலைகாட்டியது. வண்டு தின்னும் வேகத்தைவிடச் சாக்கடை ஊட்டும் வேகம் அதிகம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? நான் கேட்பது மூன்றே.

ஒன்று, அள்ளிய டன்னுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்துங்கள். இன்ன படித்துறையிலிருந்து இன்ன பாலம் வரை ஒரு வருடம் நீர்ப்பரப்பு தெளிவாக இருந்தால் பணம், இல்லையென்றால் இல்லை என்று ஒப்பந்தம் போடுங்கள். டன்னுக்குக் கூலி என்றால் செடி திரும்ப வருவது ஒப்பந்தக்காரருக்கு லாபம். தெளிவுக்குக் கூலி என்றால், அவரே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பி, பூக்கும் முன்னே நாலு செடியைக் கையால் பிடுங்குவார்.

இரண்டு, அள்ளியதைக் கரையில் விடாமல் தள்ளிக் கொண்டுபோய், சாணம் சேர்த்து, சூடேற மக்க வையுங்கள். கன உலோகம் இல்லை என்று சோதித்த பிறகு பக்கத்து வாழைக்கும் தென்னைக்கும் போடலாம். மலைபோல் குவிவதைத் தாங்கும் பயன் இது ஒன்றுதான். கூடையை விரும்புகிறவர்கள் பின்னட்டும்.

மூன்று, ஆற்றில் விழும் ஒவ்வொரு சாக்கடை வாய்க்கும் ஒரு எண் கொடுத்து, எத்தனை அடைபட்டன, எத்தனை பாக்கி என்று மாதாமாதம் ஊருக்குத் தெரிகிற இடத்தில் பலகை வையுங்கள். அந்தப் பலகைக்கு யாரும் மாலை போட்டுப் படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் அது பூஜ்யத்தை நோக்கி இறங்காதவரை, எத்தனை இயந்திரம் இறங்கினாலும் வீண்.

அமலை தானாகக் கொழுக்கவில்லை. நாம் ஊட்டி வளர்க்கிறோம். இனி எனக்கு வீடியோ அனுப்புகிறவர்கள், அடைத்த சாக்கடை ஒன்றின் வீடியோவை அனுப்புங்கள். பத்துப் பேருக்கு நானே அனுப்புகிறேன்.