பாட்டுக்கு எந்தப் பெட்டரி, மூத்தம்மாவுக்கு எந்தப் பெட்டரி?

எங்கட கூட்டாளி ஒருத்தன் பவர் ஸ்டேஷன் ஒன்று வாங்கினான். பேரைக் கேட்டதும் யாரும் நுரைச்சோலையை நினைக்க வேண்டாம். கைபிடி வைத்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். உள்ளே லித்தியம் பெட்டரியும் இன்வர்டரும். வெளியே 230 வோல்ட் பிளக் குத்த இரண்டு இடம், போன் சார்ஜ் பண்ண யூ.எஸ்.பி., 12 வோல்ட்டுக்கு ஒரு ஓட்டை. கொள்ளளவு 500 வாட்-மணி. கம்பஸில் பகுதிநேரமாக டியூஷன் கொடுத்துச் சேர்த்த காசு அது.

எதுக்கு வாங்கினான் என்டு கேட்டால், வீட்டில் சொன்ன காரணம் ஒன்று, எங்களிடம் சொன்ன காரணம் வேறொன்று. வீட்டில் சொன்னது: "கரண்ட் போனா மூத்தம்மாக்கு ஃபேன் போடலாம், நெபுலைசர் மெஷின் போடலாம்." எங்களிடம் சொன்னது: "மச்சான், வாப்பாட செட்ட இதுல போட்டுக் கேட்டா சவுண்ட் தண்ணி மாதிரி சுத்தமா இருக்குமாம்."

வாப்பாட செட் என்பது அவர் சவூதியில் இருந்து கொண்டுவந்த ஹை-ஃபை. பாரமான அம்பிளிபயர், மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு. கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இப்படியான செட் இருக்கிற வீடுகள் நிறைய. வளைகுடாவுக்குப் போய் வந்த வாப்பாமார் கொண்டுவந்த சாமான்களில் இன்றைக்கும் வேலை செய்கிறது இந்தச் செட்டும் கம்பளிப் போர்வையும்தான் என்று நாங்கள் பகிடி பண்ணுவதுண்டு.

இந்த இரண்டு காரணத்துக்கும் நடுவில் மாட்டுப்பட்ட கதைதான் இது. எங்கட நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அந்தப் பெட்டியை வாங்குங்க, நல்ல சாமான்தான். ஆனா 'சுத்தமான கரண்ட்' என்ற கதையை நம்பி வாங்காதீங்க. பாட்டுக்கு அந்தப் பெட்டி தேவையே இல்லை.

சீலை கட்டிக் கேட்டோம்

பெட்டரியில் பாட்டுக் கேட்கிற மோகம் எங்கட கூட்டாளி கண்டுபிடித்ததில்லை. உலகம் முழுக்க ஹை-ஃபை பைத்தியம் பிடித்தவர்களுக்கு வீட்டுக்கு வருகிற கரண்ட் மேல் ஒரு சந்தேகம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மோட்டர், ஃபிரிஜ், எல்.ஈ.டி. பல்ப் எல்லாம் சேர்ந்து அதை அழுக்காக்குது என்பார்கள். யப்பானில் தனக்கென்று சொந்தமாக மின்கம்பமும் ட்ரான்ஸ்போமரும் நட்டுக்கொண்டு பாட்டுக் கேட்கிறவர்களே இருக்கிறார்கள். 2016இல் அமெரிக்கப் பத்திரிகையான வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் அவர்களைப் பற்றி எழுதியது. கம்பம் நட முடியாதவன் பெட்டி வாங்குகிறான்.

நாங்கள் ஏழு பேர் ஒரு பின்னேரம் அவன் வீட்டு மேல்மாடியில் கூடினோம். இடையில் ஒரு சீலையைக் கட்டினோம். ஒருத்தன் பின்னால் நின்று சுவர் பிளக்குக்கும் பெட்டிக்கும் மாற்றி மாற்றிக் குத்தினான். நாகூர் ஹனிபா பாட்டு ஒன்று, ரஹ்மான் பாட்டு ஒன்று. எது எதில் ஓடுது என்டு ஒவ்வொருத்தரும் பேப்பரில் எழுத வேண்டும். பத்துத் தடவை. முடிவில் பாதி சரி, பாதி பிழை. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

ஒரே ஒரு வித்தியாசம் எல்லாருக்கும் கேட்டது. லெப்டொப்பை சார்ஜரில் போட்டபடி பாட்டு விட்டபோது ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய இரைச்சல். பெட்டிக்கு மாற்றியதும் அது இல்லை. "பார்த்தீங்களா!" என்று அவன் துள்ளினான். அப்போ ஒருத்தி எழும்பிப் போய், செட்டைத் திரும்பவும் சுவர் பிளக்கில் குத்தி, லெப்டொப் சார்ஜரை மட்டும் கழற்றினாள். இரைச்சல் போய்விட்டது. சார்ஜர் வழியாகவும் அம்பிளிபயர் வழியாகவும் இரண்டு பக்கமாகக் கரண்டோடு தொடுக்கப்பட்டிருந்ததால் வந்த கோளாறு அது. தீர்வுக்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

அமைதியான இடங்களில் வேறொரு சத்தமும் கேட்டது: பெட்டிக்குள் இருக்கிற குட்டி ஃபேன் சுத்துகிற சத்தம். சுத்தமான சவுண்டுக்கென்று வாங்கிய சாமானே சத்தம் போடுது!

ஏன் வித்தியாசம் வரவில்லை? சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டினால் போதும். சுவரில் வருவது ஆடலோட்டம். அம்பிளிபயருக்குத் தேவை நேரோட்டம். அதனால் அது தன் வயிற்றுக்குள் ட்ரான்ஸ்போமர், டயோட், கொள்ளளவி என்று வைத்து, வந்த கரண்டை நேரோட்டமாக மாற்றி வடிகட்டித்தான் பாவிக்குது. வெளியில் இருந்து வருகிற அழுக்கில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். பெட்டி என்ன செய்யுது? பெட்டரியில் இருக்கிற நேரோட்டத்தை இன்வர்டரால் ஆடலோட்டம் ஆக்கி வெளியே விடுது. அம்பிளிபயர் அதை வாங்கித் திரும்ப நேரோட்டம் ஆக்குது. நெல்லைக் குத்தி அரிசியாக்கி, உமியைத் திரும்ப ஒட்டி நெல்லாக்கி, மறுபடி குத்துகிற வேலை. ஒவ்வொரு குத்திலும் கொஞ்சம் நொய்யாகப் போகும்.

அந்த நொய்க்குக் கணக்கும் இருக்கு. 500 வாட்-மணியில் இன்வர்டர் தின்றது போக 425 அளவுதான் மிஞ்சும். பழைய அம்பிளிபயர் மெதுவாகப் பாடும்போதும் 48 வாட் இழுப்பதாகப் பெட்டியின் திரை காட்டியது. ஆக, முழுப் பெட்டிக்கும் கிட்டத்தட்ட 9 மணித்தியாலம். ஆனா அந்த 48இல் ஸ்பீக்கருக்குப் போவது ஒன்றோ இரண்டோ வாட். மிச்சம் முழுக்கச் சூடு. செட்டுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தால் எங்கட காசு எங்க போகுது என்டு விளங்கும்.

அந்த ராத்திரி

சோதனை முடிந்தது, வாதம் முடியவில்லை. செட்டையும் பெட்டியிலேயே ஓட விட்டுவிட்டு ராத்திரி வரைக்கும் இருந்து கதைத்தோம். நாங்கள் எழும்பிப் போகும்போது பெட்டியில் 18 வீதம். யாரும் அதைச் சார்ஜில் போடவில்லை.

ஒரு மணிபோல் ஊரில் கரண்ட் போனது. அவன் பெட்டியை மூத்தம்மாவின் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். 18 வீதத்தில் மேசை ஃபேன் ஒன்றரை மணித்தியாலம் ஓடியது. பிறகு பெட்டி அணைந்தது. மூன்று மணிக்கு மூத்தம்மாவுக்கு இழுப்பு வந்தது. நெபுலைசருக்குக் கரண்ட் இல்லை. இரண்டு வீடு தள்ளி ஜெனரேட்டர் வைத்திருக்கிற மாமியைத் தட்டி எழுப்பி, மதிலுக்கு மேலால் வயர் இழுத்துத்தான் மெஷினை ஓட்டினார்கள். அந்த மாமி வீட்டில் ஆள் இல்லாமல் இருந்திருந்தால்? இதை எழுதும்போதும் எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கு. அந்த 82 வீதத்தைக் குடித்தது அவன் மட்டுமில்லை, நாங்கள் ஏழு பேரும்தான்.

மூத்தம்மா எங்களை ஏசவில்லை. "ஒன்டுமில்ல மகன், சுபஹு பாங்கு கேட்டிச்சு, அதோட நெஞ்சு லேசாகிட்டு" என்டு மட்டும் சொன்னா.

அப்போதான் எங்களுக்கு உறைத்தது. சுபஹு நேரமும் ஊரில் கரண்ட் வந்திருக்கவில்லை. பாங்கு எப்படிக் கேட்டது?

பள்ளி அம்பிளிபயரின் பின்பக்கம்

பள்ளிக்குப் போய் மோதினாரிடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு அம்பிளிபயரைத் திருப்பிக் காட்டினார். அஹுஜா போன்ற கொம்பனிகள் இப்படியான ஒலிபெருக்கி அம்பிளிபயர்களை எத்தனையோ காலமாகச் செய்து வருகின்றன. பின்னால் 230 வோல்ட்டுக்கு ஒரு வயர். அதுக்குப் பக்கத்தில் பெட்டரிக்கென்று வேறாக இரண்டு முனை, சிவப்பு, கறுப்பு. கீழே ஒரு வாகன பெட்டரி, அதோடு ஒரு சார்ஜர். "கரண்ட் போனா இது தன்ட பாட்டுல பெட்டரில ஓடும் தம்பி" என்றார்.

இன்வர்டர் இல்லை. உமியைத் திரும்ப ஒட்டுகிற வேலை இல்லை. 2022 மார்ச் 31இல் நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோதும், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு இலங்கையும் இருண்டபோதும், எங்கட ஊரில் பாங்கு தவறவில்லை. அதைக் காது குடுத்துக் கேட்ட நாங்கள் ஒருத்தரும் "எப்படி?" என்டு கேட்கவில்லை.

நாங்கள் அதையே சிறிதாகச் செய்து பார்த்தோம். 12 வோல்ட்டில் ஓடுகிற கையகல 'கிளாஸ் டி' அம்பிளிபயர் ஒன்று. கொம்பியூட்டர் யூ.பி.எஸ்.க்குள் இருக்குமே, அந்த 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பெட்டரி ஒன்று. பெட்டரி முனைக்குப் பக்கத்தில் ஒரு பியூஸ் (இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீங்க, வயர் பற்றிக்கொள்ளும்). ஸ்பீக்கர் அதே வாப்பாட மரப்பெட்டிதான். பெட்டரியில் 84 வாட்-மணி. ஈயப் பெட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் கெதியில் செத்துவிடும் என்பதால் 42ஐத்தான் கணக்கில் எடுத்தோம். இழுப்பது 7 வாட். ஆறு மணித்தியாலம் பாடும்.

குறையையும் சொல்ல வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இதில் ஒரு பக்கத்துக்கு 9 வாட் அளவுதான் வரும். கலியாண வீட்டுக்குக் காணாது, பேஸ் கூட்டினால் உடையும். ஆனா ஒரு அறைக்குள் நாலு பேர் இருந்து கேட்க அதுவே மிச்சம். பழைய செட்டின் கனமான சவுண்ட்தான் வேணும் என்றால் கரண்ட் இருக்கும்போது அதில் கேளுங்க. இரண்டும் வீட்டில் இருக்கட்டும்.

பாட்டு ஆடம்பரமா?

"கரண்ட் இல்லாத நேரத்தில் பாட்டு ஒரு கேடா?" என்று இதை வாசிக்கிற யாரும் கேட்டால், அதுக்கும் எங்களிடம் பதில் இருக்கு. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பெட்டரி கொண்டுபோகவும் தடை. அங்கே சைக்கிளை நிறுத்தி வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் ரேடியோ கேட்டார்கள். கை உழைந்தாலும் கேட்டார்கள். செய்தியும் கேட்டார்கள், பாட்டும் கேட்டார்கள். இருட்டில் ஒரு குரல் கேட்பது மனிசனுக்குத் தேவை. 2022இல் உயர்தரம் படித்த எங்களுக்கு அது தெரியும். அந்த இருட்டு ராத்திரிகளில் போன் பெட்டரியை மிச்சம் பிடித்துப் பிடித்துக் கேட்ட பாட்டுக்கள் இன்னும் ஞாபகம்.

ஆக, பாட்டை விடச் சொல்லவில்லை. பாட்டுக்குப் போகிற பெட்டரியையும் மூச்சுக்குப் போகிற பெட்டரியையும் ஒன்றாக்காதீங்க என்டுதான் சொல்கிறோம். மெஷின், ஃபேன், ஃபிரிஜில் இருக்கிற இன்சுலின் இதுகளுக்கு 230 வோல்ட் கட்டாயம் தேவை. பெட்டியும் இன்வர்டரும் அதுகளுக்காக இருக்கட்டும். பாட்டுக்கு அந்த 230 தேவையில்லை. அதுக்கு 12 வோல்ட் காணும்.

இன்னொன்று: இந்தச் சாமானை விற்கிறவர்களும் ரிவியூ போடுகிறவர்களும் எத்தனை மணித்தியாலம் டீவி ஓடும், எத்தனை தடவை போன் சார்ஜ் ஏறும் என்டு கணக்குக் காட்டுகிறார்கள். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்டு கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியது நாங்கதான். பெட்டி வாங்குகிறவர் பெரும்பாலும் வீட்டில் இருக்கிற இளம் ஆள். கரண்ட் போனால் கஷ்டப்படுவது வயசான ஆளும் கைக்குழந்தையும்.

இப்போ அந்தப் பெட்டி மூத்தம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கு. 80க்குக் கீழே விடுவதில்லை என்டு நாங்களே ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். குட்டி செட் மேல்மாடியில் இருந்தது. போன கிழமை அதையும் கீழே இறக்கியாச்சு. மூத்தம்மாதான் கேட்டா: "அந்த ஹனிபாட பாட்ட எனக்கும் போடுங்களன்."

நீங்களும் அடுத்த முறை பள்ளிக்குப் போனால், மோதினாரிடம் கேட்டு அந்த அம்பிளிபயரின் பின்பக்கத்தை ஒருக்கா பாருங்க. பெட்டி வாங்குகிற யோசனை இருந்தால், அதைப் பார்த்துவிட்டு வாங்குங்க.