அட்டைக்கு வரும் படங்கள்

அட்டைக்கென்று நமக்கு வந்து சேரும் படங்களில் கணிசமானவை இப்போது ‘ஓவியங்கள்’. தைலவண்ணத்தில் ஒரு பாட்டி, நீர்வண்ணத்தில் நனைந்த கோபுரம், வான்கோவின் சுழிகளுக்குள் அகப்பட்டுக்கொண்ட பாரதி. அனுப்புகிறவர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் ‘ஓவியம்’ என்று போட்டே அனுப்புகிறார்கள். ஒரு புகைப்படத்தைக் கைபேசிச் செயலியிலோ ஃபோட்டோஷாப்பிலோ கொடுத்து எடுத்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. என்ன செய்யலாம் என்று ஆசிரியர் குழுவில் பேச்சு வந்தது. ஃபில்டர் போட்ட படம் எதுவானாலும் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் ஒருவர். அட்டை வரைந்து தரும் ஓவியருக்குப் பஸ் செலவுகூடத் தராத நாம் கலையின் தூய்மை பற்றிப் பேசுவது கொஞ்சம் அதிகமில்லையா என்று கேட்டார் மற்றவர். அவர் சொன்னதுதான் உறைத்தது. ஆனாலும் இரண்டு தரப்புக்கும் நடுவில் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது.

புகைப்படத்தை ஓவியமாக்கிப் பார்க்கும் ஆசை கைபேசியோடு வந்ததில்லை. இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் 1858இல் ஐந்து நெகடிவ்களைச் சேர்த்து ஒரே காட்சியாக அச்சிட்டார்; சாகக் கிடக்கும் இளம்பெண்ணும் சுற்றிலும் அவள் குடும்பமும். பிரான்சில் ரொபேர் டெமாஷி கோந்தும் நிறமியும் கலந்த பூச்சில் அச்செடுத்து, அந்தப் பூச்சைத் தூரிகையால் இழுத்துக் கலைத்தார். 1932இல் கலிஃபோர்னியாவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் எஃப்/64 என்று குழு சேர்ந்து, புகைப்படம் புகைப்படமாக இருந்தால் போதும் என்று கொடி பிடித்தார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டியதில்லை.

நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் ஏற்றிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். சட்டம் போட்ட அந்தக் கல்யாணப் படங்கள் எங்காவது அகப்பட்டால் கழற்றிப் பாருங்கள். படம் முழுக்க வண்ணம் ஏறியிருக்காது. புடவைக் கரை, உதடு, மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி, அவ்வளவுதான். பின்னாலிருக்கும் திரையும் மாப்பிள்ளையின் கோட்டும் சாம்பல் நிறமாகவே கிடக்கும். வீட்டார் கண் முதலில் எங்கே போகும் என்று வண்ணம் ஏற்றியவருக்குத் தெரிந்திருந்தது.

ஃபில்டருக்கு அது தெரியாது. அதன் பிறப்பு அப்படி. ஓவியத் தோற்றம் தரும் ஃபில்டர்களில் மூத்த ஒன்று குவஹாரா ஃபில்டர். ஜப்பானில் மிச்சியோஷி குவஹாராவும் சகாக்களும் 1976இல் இதை வெளியிட்டபோது ஓவியம் அவர்கள் நினைப்பிலேயே இல்லை. கதிரியக்கப் பொருளை உடலுக்குள் செலுத்தி இதயத்தைப் படமெடுத்தால், படம் புள்ளி புள்ளியாக வரும். புள்ளிகளை மழுக்க வேண்டும். அதேசமயம் இதய அறையின் விளிம்பு மழுங்கிவிடவும் கூடாது. அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் நான்கு சிறு கட்டங்களை எடுத்துக்கொள்வது. எந்தக் கட்டத்துக்குள் ஏற்ற இறக்கம் மிகக் குறைவோ, அதன் சராசரியை அந்தப் பிக்சலுக்குக் கொடுப்பது. விளிம்பின் இரு பக்கத்தையும் தொடும் கட்டத்தில் ஏற்ற இறக்கம் கூடுதலாக இருக்கும். ஆகவே அது தானாகத் தள்ளுபடியாகிவிடும். விளிம்பு தப்பிக்கும், உள்ளே எல்லாம் ஒரே சமமாகும். இந்தக் கணக்கை ஒரு வண்ணப் புகைப்படத்தில் ஓட்டிப் பார்த்தால் நிறங்கள் திட்டுத் திட்டாகத் திரண்டு, தட்டைத் தூரிகையால் அப்பிய தோற்றம் வந்துவிடுகிறது.

கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படத்தில் எத்தனை பிக்சல் உண்டோ அத்தனையிடமும் அது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. கருவிழியிடமும் அதே கேள்வி, பின்சுவரில் காரை பெயர்ந்த இடத்திலும் அதே கேள்வி.

2015இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் கேட்டிஸ், எக்கர், பெத்கே மூவரும் செய்தது இதைவிடச் சாமர்த்தியமான வேலை. படத்தில் இருப்பது நாயா, நாற்காலியா என்று அடையாளம் காணப் பழக்கிய ஒரு நரம்பணு வலையமைப்பை எடுத்துக்கொண்டு, அதன் ஒரு பகுதியால் புகைப்படத்தின் உருவத்தையும் இன்னொரு கணக்கால் ஓவியத்தின் பாணியையும் தனித்தனியே பிரித்துச் சேர்த்தார்கள். அவர்கள் ஊரின் ஆற்றங்கரை வீடுகள் டர்னராகவும் வான்கோவாகவும் மூங்க்காகவும் மாறின. மறு ஆண்டே பிரிஸ்மா செயலி வந்து உலகம் முழுக்க எல்லோர் முகத்தையும் ஓவியமாக்கியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாணி என்று அவர்கள் பிரித்தெடுத்த கணக்கில், எந்தக் கோடு எந்த நிறத்தோடு சேர்ந்து வருகிறது என்பது இருக்கிறது. ஓவியத்தில் அது எந்த இடத்தில் வந்தது என்பது கழிந்துவிடுகிறது. வான்கோ ‘விண்மீன் இரவு’ படத்தில் சுழிகளை வானத்துக்குக் கொடுத்தார். கீழே ஊரின் வீடுகளைக் குட்டையான, நிதானமான கோடுகளில் அடக்கினார். வானம் புரளும்போது ஊர் தூங்குகிறது என்பது அந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. செயலியில் அதே சுழி பாரதியின் கன்னத்திலும் வந்து உட்காரும், தலைப்பாகையிலும் உட்காரும்.

(2025 மார்ச்சில் ஊரே ஜிப்லி பாணியில் முகம் மாற்றிக்கொண்ட கூத்து வேறு வகை. அங்கே இயந்திரம் படத்தைப் பார்த்துவிட்டுப் புதிதாகவே ஒன்றைத் தயாரிக்கிறது. அதைப் பிறகு ஒரு இதழில் வைத்துக்கொள்வோம்.)

அண்மையில் வந்த ஒரு படத்தைச் சொல்கிறோம். சந்தையில் கீரை விற்கும் பாட்டி. அசலையும் கேட்டு வாங்கிப் பார்த்தோம், நல்ல புகைப்படம். இடப்புறமிருந்து காலை வெயில் முகத்தில் சாய்ந்து விழுகிறது. அனுப்பியவர் அதற்கு ஃபோட்டோஷாப்பின் ஆயில் பெயிண்ட் ஃபில்டரைப் போட்டிருக்கிறார். சாயம் மேடுபள்ளமாக அப்பியது போலத் தெரிவதற்காக, அதில் வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழ வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ள வசதி உண்டு. அவர் அதைத் தொடவில்லை. வெயில் இடமிருந்து வருகிறது, சாயத்தின் பளபளப்பு வலமிருந்து. நெற்றிச் சுருக்கங்கள் கைரேகை போலச் சுழித்து நிற்கின்றன; கீரைக்கட்டின் வாழைநாரும் அப்படியே சுழிக்கிறது. அசலில் கண்ணுக்குள் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தது. பாட்டி யாரையோ பார்க்கிறாள் என்று சொன்னது அந்தப் புள்ளிதான். பக்கத்து நிறத்தில் அது கரைந்துவிட்டது.

டிடிபி கடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. படம் தெளிவில்லையா, ‘ஒரு ஆயில் பெயிண்ட் போட்டு விட்டுரலாம் சார்’ என்பார்கள். அட்டையில் பாதிக் குற்றம் அங்கே பிறக்கிறது. டெமி அளவு அட்டைக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 1650க்கு 2550 பிக்சல் வேண்டும். வாட்ஸப் வழியாக நாலு கை மாறி வந்த படத்தில் அது இருப்பதில்லை. ஃபில்டரின் தூரிகையோ பிக்சல் கணக்கில் அளக்கப்படுவது. சின்னக் கோப்பில் போட்டால் ஒரு இழுப்பு மூக்கையே மூடும்; அதே படம் பெரிய கோப்பாக இருந்தால் தூரிகைத் தடமே கண்ணில் படாது. தூரிகையின் பருமனைப் பாட்டியின் முகம் முடிவு செய்யவில்லை, கோப்பின் அளவு முடிவு செய்கிறது. சுருங்கி வந்த படத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும் சதுரக் கறைகளையும் ஃபில்டர் விளிம்பு என்று நினைத்துப் பத்திரமாகக் காப்பாற்றித் தருகிறது!

புகைப்படத்திலிருந்து வரைவது இழுக்கு என்று நாம் சொல்லவில்லை. தமிழ்ச் சிற்றிதழ்களுக்கு ஒரு முகம் கொடுத்த ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். காந்தி கொல்லப்பட்டபோது அவர் சிறுவர். புகைப்படங்களை விட்டால் அவருக்கு வேறு ஆதாரம் இருந்திருக்காது. ஒரே மனிதர், எல்லோருக்கும் மனப்பாடமான முகம். அதில் கோடு எங்கே அடர வேண்டும், எங்கே அறுந்துபோக வேண்டும், எங்கே காகிதத்தைச் சும்மா விட வேண்டும் என்று நூறு தடவை புதிதாக முடிவெடுத்தார். ஓவியர் என்று ஒருவரைச் சொல்வது இந்த முடிவுகளுக்காகத்தான்; மையா, மவுஸா என்பது பிறகு. ட்ராட்ஸ்கி மருது கணினியில் வரையத் தொடங்கி எவ்வளவு காலமாகிறது! அவர் கோட்டைப் பார்த்து இது இயந்திரம் என்று எவரும் சொன்னதில்லை.

ஆகவே ஃபில்டரையும் ஒதுக்க வேண்டியதில்லை. இந்த இதழின் அட்டையே சாட்சி. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்திக்குள் நிற்கும் ஒரு பெண்; படம் எடுத்தவரும் வேலை பார்த்தவரும் ஒரே நண்பர். முதலில் முழுப் படத்துக்கும் ஃபில்டர் போட்டிருக்கிறார். பிறகு மாஸ்க் வைத்து, பெண்ணின் பாதத்திலும் உப்பு வாரும் பலகையைப் பிடித்த கையிலும் அதை முழுக்க அழித்துவிட்டார். வெடித்த குதிகால் புகைப்படமாகவே இருக்கிறது. முகத்தில் ஃபில்டர் கால்வாசி. வானத்தை அப்படியே விட்டுவிட்டு, பாத்தி நீரில் மட்டும் ஸ்டைலஸால் கிடைமட்டமாக அவரே இழுத்திருக்கிறார். ஃபில்டர் தந்த சுழிகள் நீருக்குப் பொருந்தவில்லையாம். இடது மூலையில் உப்புக் குவியல் இன்னும் கொஞ்சம் மாவு போல இருக்கிறது. அது எங்களுக்குப் பிடிக்கவில்லை, அவருக்குப் பிடித்திருக்கிறது. அவர் பெயரில் வருவதால் அவர் விருப்பப்படியே விட்டோம்.

பெயர் என்றதும் இன்னொன்று. ஃபில்டர் போட்டுவிட்டால் புகைப்படம் எடுத்தவர் காணாமல் போய்விடுகிறார். எங்கிருந்தோ இறக்கிய படம், ஒரு சொடுக்கு, கீழே புதுப் பெயர். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே என்கிறது. மேலே சாயம் பூசியதால் அவர் மாறிவிடுவதில்லை. சட்டம் கிடக்கட்டும். விடியலில் எழுந்து சந்தைக்குப் போய், பாட்டியிடம் பேச்சுக் கொடுத்து, வெயிலுக்காகக் காத்திருந்தவர் அவர். வரிக்கு வரி எழுதியவர் பெயர் கேட்கும் நாம் இதில் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

அடுத்த இதழிலிருந்து அட்டைக் குறிப்பில் புகைப்படம் யாருடையது, அதன்மேல் வேலை யாருடையது என்று தனித்தனியாக வரும். முழுக்கக் கையால் வரைந்த அட்டைக்குச் சிறு தொகையாவது கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். சந்தா பாக்கி வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம். ஃபில்டர் பயன்படுத்திய படங்களை அனுப்புவோர் அசலையும் சேர்த்து அனுப்பவும். வாட்ஸப்பில்தான் முடியும் என்றால் ஃபோட்டோவாக வேண்டாம், டாக்குமெண்டாகப் போடுங்கள்.