எஸ்.பி.பி-யின் லைவ் ஆல்பம்: ரசிகர்கள் ரெடி, தடுப்பது எது?

'பாட்டெல்லாம்தான் ஆப்ல கிடைக்குதே, அப்புறம் கச்சேரி ரெக்கார்டிங் எதுக்கு?' என்று கேட்பவர்கள், எஸ்.பி.பி-யை மேடையில் பார்க்காதவர்களாகத்தான் இருக்கணும். ஸ்டூடியோவில் பாடிய பாட்டு ஒன்று. அதே பாட்டு மேடையில் அவரிடம் மாட்டினால் அது வேறொன்று. சரணத்துக்கு நடுவே ஒரு சிரிப்பு, புல்லாங்குழல்காரரைக் கைகாட்டி ஒரு பாராட்டு, கூடப் பாடுபவரைச் சீண்ட திடீரென ஒரு புது சங்கதி... இதெல்லாம் ஒரிஜினல் ரெக்கார்டிங்கில் கிடையாது.

2020 செப்டம்பர் 25-க்குப் பிறகு அதைப் புதிதாகக் கேட்கவும் வழியில்லை. மிச்சம் இருப்பது பெரும்பாலும் ரசிகர்கள் போனில் எடுத்த வீடியோக்கள். பக்கத்து சீட் விசில் தெளிவாகக் கேட்கும், வயலின்தான் கேட்காது. அதனால்தான் 'முழுக் கச்சேரியையும் நல்ல சவுண்டில் வெளியிடுங்க' என்று ரசிகர்கள் கேட்கிறார்கள்.

இது ஒண்ணும் பேராசை இல்லை. அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2014 முதல் தன் கச்சேரிகளை அதிகாரபூர்வமாகவே விற்கிறார். பாப் டிலனின் 1966 மான்செஸ்டர் கச்சேரி பல வருஷம் திருட்டு ரெக்கார்டாகச் சுற்றிவிட்டு, 1998-ல் முறையான ஆல்பமாக வந்தது. ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இவர்கள் பெரும்பாலும் சொந்தப் பாட்டைப் பாடுபவர்கள். பாட்டு, மெட்டு, குரல் எல்லாம் ஒரே ஆள். நம்ம சினிமாப் பாட்டு அப்படியா?

மேடையில் ஒரு சினிமாப் பாட்டு பாடப்படும்போது, குரல் மட்டும்தான் பாடகருடையது. மெட்டு இசையமைப்பாளருடையது, வரி கவிஞருடையது. அந்த உரிமைகள் யார் கையில் இருக்கின்றன என்பது ஒவ்வொரு படத்தின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நம் காப்புரிமைச் சட்டப்படி மேடையில் வாசிக்கும் ஒவ்வொரு கலைஞருக்கும் 50 ஆண்டுகளுக்குத் தனி உரிமை உண்டு. அதாவது, கீபோர்டு வாசித்தவரின் சம்மதமும் வேணும். கச்சேரியில் பாட வாங்கும் அனுமதி வேறு, அதைப் பதிவு செய்து விற்க வாங்கும் அனுமதி வேறு. ஒரு கச்சேரிக்கு 30 பாட்டு என்றால் எத்தனை கையெழுத்து என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இந்தச் சிக்கல் எவ்வளவு கசக்கும் என்று 2017-லேயே பார்த்துவிட்டோம். எஸ்.பி.பி 50 சுற்றுப்பயணத்தில் அமெரிக்காவில் இருந்தபோது, தன் பாடல்களை அனுமதியின்றிப் பாடக்கூடாது என இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தது. இனி ராஜா பாடல்களைப் பாடப்போவதில்லை என எஸ்.பி.பி ஃபேஸ்புக்கில் எழுதினார். சினிமாவுக்கு வருவதற்கு முன்பு எஸ்.பி.பி-யின் மெல்லிசைக் குழுவிலேயே வாசித்தவர் ராஜா என்பது தெரிந்த ரசிகர்களுக்கு, அது வீட்டுச் சண்டை மாதிரி வலித்தது. 2019-ல் சென்னையில் ராஜாவின் மேடையிலேயே எஸ்.பி.பி பாடியது தனி சந்தோஷம்.

என்னைக் கேட்டால், மெட்டுக்குச் சொந்தக்காரர் பங்கு கேட்டதில் தப்பே இல்லை. ஒரு கச்சேரியை ஆல்பமாக்க எங்கே போகணும், எவ்வளவு கட்டணும் என்று ஒரே இடத்தில் பதில் கிடைக்காததுதான் கோளாறு.

சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு லைவ் ஆல்பம் சாத்தியமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1974-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் லதா மங்கேஷ்கர் பாடியது இசைத்தட்டாகவே வந்தது. வெளியிட்டது ஹெச்.எம்.வி. லதாவின் சினிமா இசைத்தட்டுகளில் பெரும்பகுதியை ஏற்கெனவே வைத்திருந்த கம்பெனியும் அதுதான். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. தமிழில் 70-கள் தொடங்கி 2000 வரையிலான பாடல்கள் பல கம்பெனிகளிடம் சிதறிக் கிடக்கின்றன. சில நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதனால் முழுக் கச்சேரிக்காகக் காத்திருக்காமல், ஒரே இசையமைப்பாளரின் பாடல்களை மட்டும் தொகுத்து முதலில் வெளியிடலாம். எம்.எஸ்.வி பாடல்கள் மட்டும், ரஹ்மான் பாடல்கள் மட்டும் என்று போனால் கையெழுத்தும் குறையும்.

அதற்கு மூலப் பதிவு உயிரோடு இருக்கணுமே! மேடையின் மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்த பதிவு ஏதாவது ஒரு விழாக்குழுவிடமோ, சவுண்ட் இன்ஜினீயரிடமோ, டி.வி சேனலின் அலமாரியிலோ கிடந்தால், பழைய டேப்பும் ஹார்டு டிஸ்க்கும் கையெழுத்துக்காகக் காத்திருக்காது. பிரதி எடுத்து, தேதி, ஊர், வாசித்தவர்களின் பெயர் எழுதி வைக்கும் வேலையை இன்றைக்கே தொடங்கலாம்.