அழகுக்காக அல்ல

மூன்றாண்டு முயற்சியில் 118 கிலோவிலிருந்து 74 கிலோவுக்கு இறங்கினேன். சர்க்கரை கட்டுக்குள் வந்தது. மாதுங்கா ரயில் நிலையப் படிகளை மூச்சிரைக்காமல் ஏறுகிறேன். வயிற்றுத் தோல் மட்டும் காலிப் பை போலத் தொங்குகிறது. கொலுவுக்கு வந்த மாமி ஒருவர், "ஏதாவது க்ரீம் தடவிப் பாரேன்" என்றார்.

க்ரீமால் ஆகிற காரியமல்ல இது. பல்லாண்டுகள் விரிந்த தோலில் கொலாஜன், எலாஸ்டின் நார்கள் சிதைந்துவிடுகின்றன. வயதும் கூடினால் தோல் பழையபடி சுருங்குவதில்லை. உடற்பயிற்சி தசையை வளர்க்கும். மிஞ்சிய தோலை நீக்காது. மும்பைப் புழுக்கத்தில் மடிப்புக்குள் வியர்வை தேங்கி, புண்ணும் பூஞ்சையும் மாறி மாறி வருகின்றன.

அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு கேட்டால், "அது அழகு சிகிச்சை" என்று மறுத்துவிட்டார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிகளில், பி.எம்.ஐ. 40க்கு மேற்பட்டவர்கள் மருத்துவர் ஆலோசனைப்படி செய்துகொள்ளும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு இடமுண்டு. பிளாஸ்டிக் சிகிச்சைக்கோ, உடல்நலத்துக்கு "நேரடியான, உடனடி" ஆபத்து என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். ஆறி ஆறித் திரும்ப வரும் புண் இந்த "உடனடி"க்குள் அடங்குவதில்லையாம்! எடை குறைய உதவுகிறவர்கள், அதன் பின்விளைவில் கைவிடுவது என்ன நியாயம்? தொடர்ந்து வரும் தோல் நோயையும் விதியில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.

மாமிக்கும் காப்பீட்டாருக்கும் என் பதில் ஒன்றே: எனக்குக் கல்யாணக் களை வேண்டாம், புண் ஆறினால் போதும்.