காலடியில் கிடக்கும் எமன்

பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு. "கட்டுப்பாட்டை இழந்த கார், தறிகெட்டு ஓடி சாலையோரப் புளியமரத்தில் மோதி நொறுங்கியது" என்பதே அந்தச் செய்தி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர்களில் இந்தச் செய்தி புதிதல்ல. மணமேல்குடியில் ஆனாலும், கோட்டைப்பட்டினத்தில் ஆனாலும், மீமிசலில் ஆனாலும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்கள் முதலில் "ஐயோ பாவம்" என்பார்கள். அடுத்த வாயிலேயே, "டிரைவர் தூங்கியிருப்பான்" என்பார் ஒருவர். "குடித்திருப்பான்" என்பார் இன்னொருவர். அதோடு வழக்கு முடிந்தது, தீர்ப்பும் வந்துவிட்டது!

கார் ஏன் கட்டுப்பாட்டை இழந்தது? இதை யாரும் கேட்பதில்லை. டிரைவரின் காலடியில் என்ன கிடந்தது? அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

தூங்கி விழும் டிரைவர்கள் உண்டு. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. ஆனால், கண் விழித்து, நிதானத்தோடு ஓட்டும் கைதேர்ந்த டிரைவரையும் சாகடிக்கக்கூடிய பொருள் ஒன்று காருக்குள்ளேயே கிடக்கிறது. அதுதான் மிதியடி. கார்க்காரர்கள் "மேட்" என்கிறார்களே, அதேதான்!

4 உயிர்களைக் குடித்த மேட்

மேட் ஆளைக் கொல்லுமா? கொன்றிருக்கிறது.

2009-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி. அமெரிக்காவில், சான்டியாகோ நகருக்கு அருகே உள்ள நெடுஞ்சாலையில் லெக்சஸ் கார் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 4 பேர் இருந்தார்கள். காரை ஓட்டியவர் நெடுஞ்சாலை போலீஸ் அதிகாரி. அவருடைய சொந்தக் கார் பழுது பார்க்கப் போயிருந்தது. அதற்குப் பதிலாக, விற்பனை நிலையத்தார் இரவலாகக் கொடுத்த கார் அது.

திடீரென்று காரின் வேகம் கூடியது. அவர் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டியது. காரில் இருந்த ஒருவர் செல்போனில் போலீசைக் கூப்பிட்டார். "ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டது, பிரேக் பிடிக்கவில்லை" என்று பதறினார். பேசிக்கொண்டிருக்கும்போதே கார் இன்னொரு வண்டியில் மோதி, பள்ளத்தில் பாய்ந்து தீப்பிடித்தது. 4 பேரும் மாண்டார்கள்.

விசாரணை நடந்தது. காரில் கிடந்த மேட் அந்தக் காருக்கு உரியதே அல்ல. வேறு ஒரு மாடலுக்குச் செய்யப்பட்ட பெரிய ரப்பர் மேட்! அது நகராமல் இருக்க மாட்டவேண்டிய கொக்கியும் மாட்டப்படவில்லை. ஆக்சிலேட்டர் பெடலின் அடி விளிம்பு அதில் சிக்கிக்கொண்டது. காலை எடுத்தாலும் பெடல் எழும்பவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சில நாட்களுக்கு முன்பு அதே கார், அதே நிலையத்தில் இருந்து இன்னொருவருக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அவருக்கும் பெடல் சிக்கியது. அவர் பிரேக்கை அழுத்தி, நியூட்ரலுக்கு மாற்றி, காரை ஓரங்கட்டித் தப்பினார். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது நடந்ததைச் சொல்லவும் செய்தார். சொன்னது காதில் விழுந்ததே தவிர, கார் சரி செய்யப்படவில்லை. அன்று யாராவது ஒருவர் 2 நிமிடம் குனிந்து பார்த்திருந்தால், ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

அதன்பிறகு உலகமே விழித்துக்கொண்டது. டிரைவர் பக்கத்து மேட்டை எடுத்துவிடும்படி, அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் கார்களின் சொந்தக்காரர்களுக்கு டொயோட்டா கம்பெனி அறிவித்தது. லெக்சஸ் அதன் தயாரிப்புதான். 2010-ம் ஆண்டு ஜனவரியில், மேட் இல்லாமலே பெடல் இறுகிக்கொள்ளும் கோளாறுக்காக மேலும் சுமார் 23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. இந்தக் கோளாறுகள் பற்றி மக்களிடம் உண்மையைச் சொல்லவில்லை என்ற வழக்கில், 2014-ம் ஆண்டு 120 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

கம்ப்யூட்டர் கோளாறாக இருக்குமோ என்ற சந்தேகமும் கிளம்பியது. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய "நாசா" நிபுணர்களே வந்து சோதித்தார்கள். 2011-ம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. மின்னணுக் கோளாறு எதுவும் அகப்படவில்லை. மேட்டில் சிக்கிய பெடல், இறுகிய பெடல், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்த கால் - காரணங்கள் இவைதான். எல்லாமே டிரைவரின் காலடியில் நடந்தவை!

கோட்டைப்பட்டினத்தில் என்ன?

அமெரிக்கக் கதை இங்கே எதற்கு என்று கேட்கலாம். கடற்கரை ஊர்களில் ஓடும் வண்டிகளின் கதவைத் திறந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

கம்பெனி கொடுத்த மேட் ஒன்று கிடக்கும். அழுக்காகிவிடக் கூடாது என்று அதன்மேல் கடையில் வாங்கிய மேட் இன்னொன்று கிடக்கும். மழைக்காலம் என்றால் அதற்கும் மேலே பழைய பத்திரிகைத் தாள்! மீன் ஏற்றும் வேனில், ஐஸ் தண்ணீரில் நனைந்த காலுக்குச் சாக்குத் துண்டு போட்டிருப்பார்கள். வெறுங்காலோடு ஓட்டிப் பழகிய டிரைவர், செருப்பைக் கழற்றி பெடலுக்குப் பக்கத்திலேயே விட்டிருப்பார். சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருளும்.

பிரேக் போட்டதும் இவை எல்லாம் முன்னால் நகரும். ஆக்சிலேட்டர்மேல் ஏறினால் கார் பறக்கும். பிரேக்குக்கு அடியில் புகுந்தால் கார் நிற்காது. இரண்டுமே சாவுதான்.

கடலோரத்துக்கு என்று தனி வினையும் இருக்கிறது. தரையோடு கீல் வைத்த பெடலில் மணல் புகுந்தால் இறுகும். பழைய வண்டிகளில் உள்ள ஆக்சிலேட்டர் கேபிளில் உப்புக் காற்று பட்டுத் துருவேறினால், இழுத்த கேபிள் திரும்பாது. "கொஞ்சம் கனமாக இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டுவது எமனுக்குத் தவணை சொல்வதாகும்.

சிக்கிவிட்டால் என்ன செய்வது?

கோட்டைப்பட்டினத்து மீனவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. விசைப்படகின் விசிறியில் கயிறு சிக்கினால், முதலில் எஞ்சினை கியரில் இருந்து விடுவிப்பார்கள். ஓடுகிற விசிறியில் கையை விடமாட்டார்கள். காருக்கும் அதே பாடம்தான்.

குனிந்து மேட்டை இழுக்கக் கூடாது. கண் சாலையில் இருக்கவேண்டும். பிரேக்கை ஒரே அழுத்தாக, பலத்தோடு மிதிக்கவேண்டும். விட்டு விட்டு மிதித்தால், பெட்ரோல் கார்களில் பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிட விசை ஒன்றிரண்டு மிதியிலேயே தீர்ந்துபோகும். பிறகு பிரேக் கல்லாக இறுகிவிடும்.

மிதித்தபடியே நியூட்ரலுக்கு மாற்றவேண்டும். கிளட்ச் உள்ள வண்டியில் கிளட்சை அழுத்திக்கொண்டு மாற்றவேண்டும். எஞ்சின் ஓலமிடும். பயப்பட வேண்டியதில்லை. எஞ்சின் கெட்டால் வேறு எஞ்சின் வாங்கலாம். உயிரை எந்தக் கடையில் வாங்குவது?

வண்டியை ஓரங்கட்டி நிறுத்திய பிறகே எஞ்சினை அணைக்கவேண்டும். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில், ஓடும்போது பொத்தானைத் தட்டினால் மட்டும் எஞ்சின் நிற்காது. பல கார்களில் சில விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். இது தெரியாமல் கார் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்!

எட்டுப் போடக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் பள்ளிகள், இந்த நியூட்ரல் வித்தையையும் கற்றுக்கொடுக்கவேண்டும். லைசென்சு கொடுப்பவர்கள் இதையும் ஒரு கேள்வியாகக் கேட்கவேண்டும். இதற்குப் புதிய கருவி வேண்டாம், செலவும் இல்லை.

யார் பொறுப்பு?

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. கோளாறான வண்டிகளைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசாங்கத்துக்கு வந்தது. அதற்கான விதிகள் 2021-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் நடைமுறையில் உள்ளன. நல்ல சட்டம். ஆனால் அது கம்பெனி செய்த கோளாறுக்குத்தான். கடையில் வாங்கி, இருந்த மேட்டின்மேல் போட்ட மேட்டுக்கு எந்தக் கம்பெனி பொறுப்பு ஏற்கும்?

ஆகவே, விற்கிற கடைக்காரர் "எந்தக் கார்?" என்று கேட்டு விற்கவேண்டும். பழைய மேட்டை எடுத்துவிட்டு, கொக்கியில் மாட்டிக் கொடுக்கவேண்டும். வண்டியைச் சர்வீசுக்கு விட்டு எடுக்கும்போது, கழுவிய மேட்டைத் திரும்பவும் மாட்டினார்களா, சும்மா போட்டார்களா என்று சொந்தக்காரர் பார்க்கவேண்டும். வாடகைக் காரில் ஏறும் டிரைவர், கண்ணாடியைத் திருத்துவதற்கு முன்னால் காலடியைப் பார்க்கவேண்டும்.

போலீசாருக்கும் ஒரு கடமை இருக்கிறது. விபத்து நடந்த வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் சோதித்து, இயந்திரக் கோளாறு உண்டா என்று அறிக்கை தருகிறார். அவர் வருவதற்குள் அடிபட்டவர்களைத் தூக்குவார்கள். கண்ணாடித் தூளைப் பெருக்குவார்கள். மேட்டையும் உதறி வெளியே எறிந்துவிடுவார்கள். சாட்சி அதோடு அழிந்தது! அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மறுநிமிடமே, பெடல்கள் இருந்த கோலத்தைப் படம் எடுத்து வைக்கவேண்டும். இன்று செல்போன் இல்லாத போலீஸ்காரர் யார்? கோட்டைப்பட்டினம் சரகத்திலேயே இதைத் தொடங்கலாம்.

இதனால் தப்புச் செய்த டிரைவர் தப்பிவிடுவான் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆக்சிலேட்டரைத் தவறி மிதித்தவனும் படத்தில் அகப்படுவான். ஆனால், தப்புச் செய்யாத டிரைவர் ஒருவர் சிறைக்குப் போகாமல் இருக்கவும், செத்துப்போனவருடைய மனைவியின் காதில் "உன் புருஷன் தூங்கிவிட்டான்" என்ற பழிச்சொல் விழாமல் இருக்கவும் அந்த ஒரு படம் உதவும்.

புதுக் கார் வாங்கினால் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்குகிறவர்கள் உண்டு. தர்காவில் பாத்திஹா ஓதுகிறவர்கள் உண்டு. மாதா கோவிலில் மந்திரிக்கிறவர்களும் உண்டு. எல்லாம் செய்யட்டும். சாவியைத் திருப்புவதற்கு முன்னால், ஒரு தடவை காலடியில் குனிந்து மேட்டைப் பின்னால் இழுத்தும் விடட்டும். அரை நிமிட வேலைதான் அது!